உப்புச் சாவடிக்குப் போன பரம்பரை மந்தி

வேங்கைவனத்தில் பொம்மி என்று ஒரு பெண் குரங்கு இருந்தாள். அரைநெல்லிக்காயை உப்பில் ஊறப்போடுவதில் அவளை மிஞ்ச அந்தக் காட்டில் ஆளே கிடையாது. அந்தக் கோடை முழுவதும் மரம் மரமாக ஏறி இறங்கி, ஏழு பானை நிறைய நெல்லிக்காய் பறித்துச் சேர்த்துவைத்திருந்தாள்.

ஆனால் பானையில் போட ஒரு கல் உப்பு இல்லை!

காட்டின் நடுவே ஓர் உப்புப்பாறை இருந்தது. மான்கள் வந்து நக்கின. யானைகள் வந்து நக்கின. காட்டெருமை குடும்பத்தோடு வந்து தங்கியிருந்து நக்கிவிட்டுப் போனது. யாரும் பார்க்காத நேரத்தில் சிங்கராஜாவும் வந்து நக்கினார். நக்கி நக்கிப் பாறை கூழாங்கல் ஆனது. ஒருநாள் அந்தக் கூழாங்கல்லையும் காணவில்லை. அதை யார் விழுங்கினார்கள் என்று விசாரிக்க ராஜா ஏனோ சம்மதிக்கவில்லை.

உப்பு இல்லாமல் மான்குட்டிகள் சோர்ந்து படுத்துவிட்டன. பொம்மியின் பானைகளைச் சுற்றி ஈ மொய்க்க ஆரம்பித்தது. இன்னும் நாலைந்து நாளில் உப்பு வராவிட்டால் அவளுடைய கோடைகால உழைப்பு முழுவதும் அழுகிக் குப்பைக்குப் போகும்.

கடற்கரையில் அலையாத்திக்காடு என்று ஒரு நாடு. அங்கே உப்பு மலைமலையாகக் கிடந்தது. "நெல்லியும் தேனும் தருகிறோம், உப்பு கொடுங்கள்" என்று சிங்கராஜா ஓலை அனுப்பினார். மறுநாளே ஒரு மீன்கொத்தி பதில் ஓலையைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் பறந்தது.

உடனே வணிகச் சபை கூடியது.

சபையில் மூன்று பேர். தந்தப்பர் என்கிற ஆண் யானை, கொம்பையா என்கிற ஆண் மான், மந்திரி வாலப்பன் என்கிற ஆண் குரங்கு. இந்த வாலப்பன்தான் பொம்மியின் வீட்டுக்காரன். அந்தச் சபையில் பெண்கள் பேசும் வழக்கம் இல்லை. ஏன் இல்லை என்று கேட்கும் வழக்கமும் இல்லை. பொம்மி அங்கே இருந்தாள் என்றால், சபையோருக்கு வேர்க்கடலை உரித்துப் போடுவதற்காக இருந்தாள்.

வாலப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஓலையைப் படித்தான்.

"எங்கள் நாட்டு வணிகக் கொள்கைப்படி, எங்களோடு வியாபாரம் பேச வரும் குழுவில் ஒரு பிடியும், ஒரு பிணையும், ஒரு மந்தியும் கட்டாயம் இருக்க வேண்டும். இல்லையென்றால் உப்பு கிடையாது. இப்படிக்கு, அலையாத்திக்காட்டு அரசு."

பொம்மியின் கையிலிருந்த கடலை கீழே விழுந்தது. பெண் யானைக்குப் பெயர் பிடி. பெண் மானுக்குப் பெயர் பிணை. பெண் குரங்குக்குப் பெயர் மந்தி. பொம்மிக்கு இது தெரியாதா என்ன? அவளே ஒரு மந்தி ஆயிற்றே! 'பெண்களும் வந்தால்தான் வியாபாரம்' என்று அந்த நாட்டார் தெளிவாக எழுதியிருந்தார்கள்.

ஆனால் சபைக்கு அது வேறு மாதிரி விளங்கியது.

"பிடி என்றால் கைப்பிடி!" என்று பிளிறினார் தந்தப்பர். "மூட்டையைத் தூக்க வசதியா ஒரு பிடி வைக்கச் சொல்றாங்க. நியாயமான ஆளுங்க!"

"பிணை என்றால் ஜாமீன்!" என்று கொம்பை ஆட்டினார் கொம்பையா. "உப்பை வாங்கிக்கிட்டு ஓடிட்டா என்ன பண்றதுன்னு யாராவது பிணை நிற்கச் சொல்றாங்க. அதுவும் நியாயம்தான்!"

"அப்போ மந்தி?" என்று கேட்டார் சிங்கராஜா.

வாலப்பன் ஓலையைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தான். தூரத்தில் வைத்துப் பார்த்தான். பிறகு பெரிதாகச் சிரித்தான்.

"எழுத்துப் பிழை, ராஜா! 'ரி' விட்டுப்போச்சு. மந்திரின்னு எழுத வந்திருக்காங்க. உப்புக் காற்று பட்டா எழுத்து அரிச்சுப்போகாதா? என்னைத்தான் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்காங்க!"

பொம்மியால் பொறுக்க முடியவில்லை. "ஏங்க, நான் ஒரு வார்த்தை சொல்லட்டுமா?"

"முதல்ல இந்தக் கடலையில ஏன் உப்பே இல்லைன்னு சொல்லு!"

"அதைத்தாங்க சொல்ல வர்றேன்! மந்தின்னா அது நான்தாங்க!"

வாலப்பன் கண்ணை உருட்டினான். "நீ எப்படி மந்தி ஆவே? ஒருநாளாவது உன்னை மந்தின்னு கூப்பிட்டிருக்கேனா? 'ஏய்'னுதானே கூப்பிடறேன்!"

சபை கொல்லென்று சிரித்தது. சிங்கராஜாவும் சிரித்தார். பொம்மிக்குக் காது மடல் சிவந்துவிட்டது. அவமானத்தில் பாதி, கோபத்தில் பாதி. உட்கார்ந்து அடுத்த கடலையை உரித்தாள்.

அன்று மாலைக்குள் காட்டில் ஒரே அமளி. மூட்டைக்கெல்லாம் கொடியில் கைப்பிடி கட்டினார்கள். தேன்கூட்டுக்குக் கைப்பிடி. நெல்லிப் பானைக்குக் கைப்பிடி. ஒரு முள்ளம்பன்றி வெறுமனே வேடிக்கை பார்க்க வந்தது. அதன் முதுகிலும் ஒரு பிடியைக் கட்டி அனுப்பிவிட்டார்கள். மொத்தம் நாற்பது பிடி!

மறுநாள் விடிந்ததும் பயணம் கிளம்பியது. முன்னால் மூன்று கனவான்கள் வீசிய கையும் வெறுங்கையுமாக நடந்தார்கள். பின்னால் தேனையும் பானைகளையும் முதுகில் ஏற்றிக்கொண்டு தந்தப்பரின் மனைவி பெரியநாயகி வந்தாள். அவளுக்குப் பக்கத்தில் கொம்பையாவின் மனைவி துள்ளி. வழி தெரிந்தவள் அவள் ஒருத்திதான். பானைகள் சரிந்துவிடாமல் பிடித்துக்கொண்டு யானை முதுகில் பொம்மி.

வழியில் பொம்மி அவர்களிடம் ஓலைச் சமாசாரத்தைச் சொன்னாள். பெரியநாயகி சிரித்த சிரிப்பில் ஒரு பானை கவிழப் பார்த்தது.

"நான் இத்தனை பெரிசா பின்னாடியே வர்றேன், அந்த மனுஷனுக்குப் பிடின்னா கயிறுதான் ஞாபகம் வருதா!"

"எங்க வீட்டுக்காரர் பரவாயில்லையாக்கும்?" என்றாள் துள்ளி. "என் குட்டி ரெண்டும் எழுந்திரிக்க முடியாம படுத்துக் கிடக்கு. அவர் கொம்புக்கு எண்ணெய் தடவிக்கிட்டு நிற்கிறார்."

பொம்மி கீழே குனிந்து துள்ளியின் கழுத்தைத் தடவிக்கொடுத்தாள்.

உச்சிவேளையில் கடல் காற்று அடித்தது. தாழம்புதர் ஒன்றின் அருகே வாலப்பன் கையை உயர்த்தினான்.

"பொம்பளைங்க எல்லாம் புதருக்குப் பின்னாடி நில்லுங்க. சரக்கையும் அங்கேயே வச்சுக்கோங்க. இது பெரிய விஷயம். நாங்க பேசிட்டு வந்து கூப்பிடறோம்."

"நாங்களும் வர்றோமே..." என்று ஆரம்பித்தாள் பொம்மி.

"ஏய்!" என்றான் வாலப்பன். அத்தோடு பேச்சு முடிந்தது.

பெண்கள் மூன்று பேரும் வாசனை வீசும் தாழம்புதருக்குப் பின்னால் நின்றார்கள். முள் குத்தியது. ஆனால் இடைவெளி வழியாக எல்லாம் தெரிந்தது, எல்லாம் கேட்டது.

சுங்கச்சாவடி என்பது கழிமுகத்தின் மேல் போட்ட ஒரு மரப்பாலம். அதன் வாசலில் அதிகாரி நண்டு உட்கார்ந்திருந்தார். வட்டமான உடம்பு, நீட்டிய கண்கள். யாராவது பொய் சொன்னால் உடனே பக்கவாட்டில் இரண்டடி நடந்துவிடுவார். அது அவர் பழக்கம்.

"வேங்கைவனமா? வாங்க, வாங்க. கடல் ஏற்றம் வந்து தண்ணி பாலத்தைத் தொட்டதும் சாவடியை மூடிடுவேன். அப்புறம் மழைக்காலம் முடிஞ்சுதான் திறப்பேன். சீக்கிரம் பேசுவோம். பிடி வந்திருக்கா?"

"வந்திருக்காவா?" என்று தும்பிக்கையைத் தூக்கினார் தந்தப்பர். "நாற்பது பிடி கொண்டாந்திருக்கோம்!"

நண்டின் கண்கள் இன்னும் ஒரு விரற்கடை நீண்டன. "நாற்பதா! ஐயையோ, பாலம் தாங்காதே! ஒண்ணுதானே கேட்டோம்? எங்கே நிற்கிறாங்க?"

"நிற்கலை. தொங்குது. பாருங்க, ஒண்ணைப் பிடிச்சு இழுத்துப் பாருங்க, அறுந்துபோகாது!" என்று மாதிரிக்காகத் தும்பிக்கையில் மாட்டி வந்த ஒரு கொடிப் பிடியை நீட்டினார் தந்தப்பர்.

நண்டு அதைப் பார்த்தார். யானையைப் பார்த்தார். பக்கவாட்டில் இரண்டடி நடந்தார்.

"சரி, போகட்டும். பிணை எங்கே?"

கொம்பையா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தார். "நானே பிணை!"

"நீங்களா? தலையில இவ்வளவு பெரிய கொம்பு இருக்கே?"

"கொம்பு இருந்தா பிணை நிற்கக் கூடாதா? எங்க காட்டுல நான் எத்தனையோ பேருக்குப் பிணையா இருந்திருக்கேன்!"

"உங்க வீட்டுல இது தெரியுமா?"

"அவங்களுக்கு இதெல்லாம் எதுக்கு சொல்லணும்?" என்றார் கொம்பையா.

நண்டு இந்தப் பக்கம் இரண்டடி, அந்தப் பக்கம் இரண்டடி நடந்தார். புதருக்குப் பின்னால் துள்ளி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கடைசியா கேட்கிறேன். மந்தி யாரு?"

வாலப்பனுக்கு 'ரி' இல்லாதது காதில் உறுத்தியது. ஆனால் வந்த இடத்தில் அவர்கள் பேச்சுப்படியே பேசுவதுதான் மரியாதை என்று நினைத்துக்கொண்டான். வாலைத் தோளில் போட்டுக்கொண்டு, "நான்தான் மந்தி!" என்றான்.

"நீயா?"

"ஏன், பார்த்தா தெரியலையா? பத்து வருஷமா மந்தி! சிங்கராஜா முன்னாடி சத்தியம் செஞ்சு மந்தி ஆனவன். எங்க அப்பாவும் மந்தி, எங்க தாத்தாவும் மந்தி. நாங்க பரம்பரை மந்தி!"

நண்டுக்கு வந்த சிரிப்பில் அவர் மல்லாந்து விழுந்துவிட்டார். எட்டுக் காலும் ஆகாயத்தில் ஆடின. வாலப்பன்தான் புரட்டி நேராக வைத்தான். தன் பெருமையைக் கேட்டு ஆனந்தத்தில் விழுந்துவிட்டார் என்று அவன் எண்ணிக்கொண்டான்.

"உன் பரம்பரை இருக்கட்டும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் நண்டு. "சரக்கைப் பத்தியாவது சொல்லு. கொண்டுவந்தது அரைநெல்லியா?"

"சேச்சே!" என்று பதறினான் வாலப்பன். "அரையும் குறையுமா கொடுக்கிற வழக்கம் எங்க காட்டுல இல்லை. எல்லாம் முழுசு!"

"அடடா, எங்க ராணிக்கு அரைநெல்லிதானே வேணும்! சரி, எத்தனை நாள் தாங்கும்?"

"நூறு வருஷம்!"

நண்டு இந்த முறை பாலத்தின் அந்தக் கோடி வரைக்கும் பக்கவாட்டில் போய்விட்டார். அங்கிருந்தே கத்தினார். "போதும், போங்க! எங்க கொள்கை சும்மா எழுதினது இல்லை. ஒரு காலத்துல இப்படித்தான், தலைப்பாகை கட்டின ஆளுங்களோட மட்டும் பேசினோம். தேன்னு சொல்லிக் களிமண் கொடுத்துட்டுப் போனாங்க. ஏமாத்தவும் இல்லை, பாவம், உள்ளே என்ன இருக்குன்னு அவங்களுக்கே தெரியாது! சரக்கைப் பண்றவங்க யாரோ, சுமக்கிறவங்க யாரோ, அவங்களும் வந்து உட்கார்ந்தாத்தான் பேச்சு. கிளம்புங்க!"

தண்ணீர் சலசலவென்று ஏறிக்கொண்டிருந்தது. பாலத்தின் கால்கள் பாதி முழுகிவிட்டன. மூன்று கனவான்களும் தலையைத் தொங்கப்போட்டுத் திரும்பினார்கள்.

பொம்மி பானைகளைப் பார்த்தாள். ஏழு பானை. நகமெல்லாம் தேயப் பறித்த காய். துள்ளியின் முகத்தைப் பார்த்தாள். பொம்மிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

"வாங்க அக்கா, போவோம்" என்றாள்.

"அவங்க கூப்பிடலையே?" என்றாள் பெரியநாயகி.

"கூப்பிட்டாச்சு அக்கா. ஓலையிலேயே கூப்பிட்டாச்சு!"

பெரியநாயகி ஓர் அடி எடுத்துவைத்தாள். தாழம்புதர் சப்பட்டையானது. எதிரே வந்த வாலப்பன் வாயைத் திறந்து, "ஏய்" என்று சொல்வதற்குள் மூவரும் அவனைத் தாண்டிப் பாலத்தில் ஏறிவிட்டார்கள்.

"ஐயா, நில்லுங்க!" என்றாள் பொம்மி. "இதோ பிடி. இதோ பிணை. மந்தி நான்."

நண்டு ஓடோடி வந்தார். மேலும் கீழும் பார்த்தார். பக்கவாட்டில் ஓர் அடிகூட நகரவில்லை. "அட, இத்தனை நேரம் எங்கேம்மா இருந்தீங்க?"

"புதருக்குப் பின்னாடி."

"அங்கே என்ன வேலை?"

"அதைத்தான் நாங்களும் யோசிச்சுக்கிட்டிருந்தோம்" என்றாள் பெரியநாயகி.

பொம்மி ஒரு பானையைத் திறந்து காட்டினாள். "அரைநெல்லிங்க. அப்படியே வச்சா நாலு நாள்கூடத் தாங்காது. உப்புல போட்டா ஒரு வருஷம் தாங்கும். ஏழு மூட்டை கல் உப்பு கொடுங்க, தேனை இப்பவே எடுத்துக்கோங்க. ஊறி, சாவடி திறந்ததும் மூணு பானையை எங்க கையாலே கொண்டாந்து தர்றோம். ஈர உப்பு மட்டும் வேண்டாம். காய் கருத்துப்போகும்."

நண்டு ஒரு காயை எடுத்துக் கடித்தார். புளிப்பு உச்சிக்கு ஏறி இரண்டு கண்ணும் உள்ளே போய்விட்டன. வெளியே வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"பிரமாதம்! ஆனா வழியில ஓடை இருக்கே, உப்பு கரைஞ்சுபோகுமே?"

"மேட்டு வழியா ஒரு தடம் இருக்குங்க" என்றாள் துள்ளி. "கால் நனையாது. நான் கூட்டிட்டுப் போறேன்."

"ஏழு மூட்டையை ஒரே நடையில தூக்க முடியுமா?"

"எட்டாவது மூட்டை இருந்தா அதையும் போடுங்க" என்றாள் பெரியநாயகி.

அவ்வளவுதான் பேச்சு. நண்டு கொடுக்கை நீட்டி ஒப்பந்த ஓலையில் எழுதத் தயாரானார்.

"உன் பேர் என்னம்மா?"

அவள் நெல்லிக்காய் எத்தனையோ காட்டுக்குப் போயிருக்கிறது. எல்லாம் வாலப்பன் பெயரில்தான் போயிருக்கிறது. அவள் பெயரை இதுவரை யாரும் கேட்டதில்லை.

"பொம்மி" என்றாள். அவளுக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

தண்ணீர் பாலத்தைத் தொடுவதற்கும் கடைசி மூட்டை ஏறுவதற்கும் சரியாக இருந்தது.

மறுநாள் வேங்கைவனத்தில் திருவிழாதான். மான்குட்டிகள் உப்பை நக்கி எழுந்து துள்ளின. பொம்மியின் ஏழு பானையும் உப்பில் ஊறின. சிங்கராஜா யாரும் பார்க்கிறார்களா என்றுகூடக் கவலைப்படாமல் ஒரு மூட்டையில் நாக்கை வைத்தார்.

"சபாஷ் வாலப்பா! எப்படிச் சாதிச்சே?"

வாலப்பன் வாயைத் திறந்தான். பிறகு பொம்மியைப் பார்த்தான். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் முகம் சுண்டிவிட்டது.

"நான் சாதிக்கலை, ராஜா" என்று முனகினான். "நான் போய்ப் பரம்பரை மந்தின்னு சொல்லிட்டு வந்தேன். உப்பு கொண்டாந்தது பொம்மி... பொம்மியும் மற்ற ரெண்டு பேரும்."

நடந்ததை எல்லாம் கேட்ட ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, "பொம்மி, என்ன பரிசு வேணும், கேள்!" என்றார்.

"பரிசு வேண்டாம், ராஜா. உப்பு, நெல்லி, தேன், எதைப் பத்திப் பேசினாலும் அதைப் பண்றவங்களும் சுமக்கிறவங்களும் சபையில உட்காரணும். இனிமே நாங்க புதருக்குப் பின்னாடி நிற்க மாட்டோம். முள்ளு குத்துது."

ராஜா பிடரியைச் சிலுப்பிக்கொண்டு எழுந்தார். "சரி! இன்றுமுதல் இதுதான் நம் நாட்டு வணிகக் கொள்கை! சபையில் பாதி ஆண், பாதி பெண். எல்லா இடங்களிலும் அப்படியே!"

ஒரே கைதட்டல். பொம்மி கடலைத் தட்டை வாலப்பன் பக்கம் நகர்த்திவிட்டு, சபையில் ஏறி உட்கார்ந்தாள். அவன் உரிக்க ஆரம்பித்தான்.

அந்த நேரம் பார்த்து, எல்லைக் காவலைச் சுற்றிவிட்டு ராணிச் சிங்கம் வந்தாள். உடம்பெல்லாம் புழுதி. ராஜாவின் அறிவிப்பு அவள் காதிலும் விழுந்திருந்தது.

"எல்லா இடங்களிலுமா?" என்று கேட்டாள்.

"எல்லா இடங்களிலும்!" என்று கர்ஜித்தார் ராஜா.

"அப்படின்னா கொஞ்சம் நகருங்க" என்றாள் ராணி.

ராஜா சிம்மாசனத்தைப் பார்த்தார். சபையைப் பார்த்தார். ஒருவரும் உதவிக்கு வரவில்லை. மெல்ல நகர்ந்து உட்கார்ந்தார்.

நீதி: சரக்கை உண்டாக்குகிற பெண்களைப் பேச்சுக்கு அழைக்காத நாட்டின் வியாபாரம், வாசல்வரை போய் வெறுங்கையோடு திரும்பும்.